அந்த நாலு மாதம் எங்கே போனது?

சிங்கப்பூரில், ஈசூனில் ஒரு வீட்டில் சனிக்கிழமைதோறும் கூடி, பேய் வேட்டையாடும் டீன், சாம் என்ற அண்ணன் தம்பியின் கதையான ‘சூப்பர்நேச்சுரல்’ தொடரை முதலிலிருந்து பார்த்து வரும் ஆறு பேரில் நீங்கள் ஒருவர். போன வாரம் மூன்றாவது சீசனை முடித்த கையோடு நாலாவது சீசனின் முதல் எபிசோடையும் போட்டுவிட்டீர்கள். முடிந்ததும் சண்டை. மூன்று பேர், “நரகத்துக்குப் போனவன் அடுத்த எபிசோடிலேயே எழுந்து வந்துவிட்டான், இது ஏமாற்று வேலை” என்கிறார்கள். மற்ற மூன்று பேர், இந்தத் தொடரிலேயே சிறந்த தொடக்கம் இதுதான் என்கிறார்கள். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

‘முடித்த கையோடு’ என்று எழுதியிருக்கிறீர்களே, சண்டைக்குக் காரணம் அதுதான்.

மூன்றாவது சீசனின் கடைசி எபிசோட் அமெரிக்காவில் ஒளிபரப்பானது 2008 மே 15. நாலாவது சீசன் தொடங்கியது அதே ஆண்டு செப்டம்பர் 18. நடுவில் நாலு மாதம். கதையில், தம்பி சாமுக்காகத் தன் ஆன்மாவைப் பேரம் பேசிக் கொடுத்து நரகத்துக்குப் போன டீன் செத்துக் கிடந்த காலமும் அதே நாலு மாதம். சவப்பெட்டியை உடைத்து மண்ணைத் தோண்டி வெளியே வருகிறான், வெயிலில் நடந்து ஆளில்லாத ஒரு பெட்ரோல் நிலையத்துக்குப் போகிறான், தண்ணீர் குடிக்கிறான், அங்கே கிடக்கும் செய்தித்தாளில் தேதியைப் பார்க்கிறான். செப்டம்பர். அன்றைக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் வீட்டு நாள்காட்டியிலும் செப்டம்பர்தான். தொலைக்காட்சி விடுமுறை எடுத்துக்கொண்ட காலத்தை அப்படியே கதைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அண்ணனைப் புதைத்துவிட்டு சாம் தனியாக இருந்த நாள்களும், பார்வையாளர் காத்திருந்த நாள்களும் ஒன்று. நீங்கள் ஆறு பேரும் ‘அடுத்தது’ பொத்தானை அமுக்கி அந்த நாலு மாதத்தை எட்டு விநாடியில் தாண்டிவிட்டீர்கள். ஏமாற்று என்று தோன்றாமல் என்ன செய்யும்?

அந்தக் காத்திருப்பு சாதாரணக் காத்திருப்பும் இல்லை. 2007 நவம்பரில் தொடங்கி 2008 பிப்ரவரி வரை ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வழக்கமாக 22 எபிசோட் வரும் சீசன் 16 எபிசோடோடு முடிந்தது. டீனைக் காப்பாற்ற ஏதாவது வழி வரும் வரும் என்று பார்த்திருந்தவர்களுக்குக் கடைசியில் கிடைத்தது சங்கிலியில் தொங்கியபடி தம்பி பெயரைக் கத்தும் டீன். அதோடு மே முடிந்தது.

எனக்கு அந்த செப்டம்பர் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போது நமக்கும் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். அங்கே வியாழன் இரவு 9 என்றால் இங்கே வெள்ளி காலை 9. அத்தை மகள் நியூ ஜெர்சியில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் அங்கே பார்த்து முடித்ததும் குறுஞ்செய்தி அனுப்புவதாக ஏற்பாடு. நான் அலுவலகத்தில் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன், பத்து மணிக்கு மேசைக்கடியில் தொலைபேசி அதிர்கிறது. இரண்டே சொல்: “வந்துட்டான். ஆனா”. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவள் தூங்கப் போய்விட்டாள் போலிருக்கிறது. மதியம் தேக்கா சந்தையில் தே தாரேக் ஆறிப்போக நாங்கள் நாலு பேர் அந்த ‘ஆனா’வை வைத்து ஒரு மணி நேரம் பேசினோம். பேயாக வந்திருப்பான் என்றான் ஒருவன். டீன் உடம்பில் வேறு எதுவோ வந்திருக்கிறது என்றாள் இன்னொருத்தி. எபிசோடைப் பார்க்காமலேயே அதைப் பற்றிய சரியான கேள்வி எங்களுக்குக் கிடைத்திருந்தது.

ஏனென்றால் அந்த எபிசோட் முழுக்கவே அந்த ‘ஆனா’தான். டீன் வந்துவிடுவான் என்பது எல்லோருக்கும் தெரியும். கதாநாயகன் இல்லாமல் தொடர் நடக்காது. எழுதிய எரிக் கிரிப்கிக்கும் அது தெரியும், அதனால் அதை மர்மமாக வைத்திருக்கவே முயலவில்லை. முதல் காட்சியிலேயே எழுப்பிவிடுகிறார். அப்புறம் சில நிமிடங்கள் கிட்டத்தட்ட வசனமே இல்லை. சுற்றிலும் மரங்கள் வட்டமாகச் சாய்ந்து கிடக்கின்றன. கண்ணாடியில் பார்த்தால் தோளில் யாரோ அழுத்திப் பிடித்த கைத்தடம், தீயில் வெந்த மாதிரி. இயக்கியவர் கிம் மேனர்ஸ், ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ காலத்திலிருந்து இந்த வேலையில் கை தேர்ந்தவர். வெட்டவெளியில், பட்டப்பகலில் பயம் காட்டுவது இருட்டில் காட்டுவதைவிடக் கஷ்டம், அதைச் செய்துகாட்டியிருக்கிறார். அந்த சீசன் பாதியில், 2009 ஜனவரியில், அவர் காலமானார்.

வந்தவனை யாரும் கட்டிப்பிடித்து வரவேற்கவில்லை, கவனித்தீர்களா? குடும்பத்துக்கு வேண்டிய மூத்த வேட்டைக்காரர் பாபியைத் தொலைபேசியில் கூப்பிட்டால் வைத்துவிடுகிறார். நேரில் போனால் கத்தியை எடுக்கிறார். வெள்ளிக் கத்தியில் சோதித்து, மனிதன்தான் என்று நம்பிக் கட்டிப்பிடித்துவிட்டு, அதற்குப் பிறகும் முகத்தில் புனித நீரைத் தெளிக்கிறார். சாமும் முதலில் பாய்வது கத்தியோடுதான். அப்புறம் பொய்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. நரகத்தில் நடந்தது எதுவும் நினைவில்லை என்கிறான் டீன். தான் எந்தப் பேரமும் பேசவில்லை என்கிறான் சாம். அது உண்மை. ஆனால் கூட இருக்கும் பெண் யார் என்பதை மறைக்கிறான், பிசாசுகளை விரட்டும் தன் சக்தியைப் பயன்படுத்துவதையும் மறைக்கிறான். அண்ணனின் காரில் சாம் ஐபாட் மாட்டி வைத்திருக்கிறான் என்பது சிரிப்புக்காக வைத்த துணுக்கு மாதிரி இருக்கும். எனக்கோ அந்த எபிசோடில் மிகவும் வலித்த இடம் அது. நாலு மாதத்தில் அந்தக் கார் தம்பியின் காராகிவிட்டது.

விலை கொடுப்பவர் யார் என்று பாருங்கள். டீனை மேலே இழுத்தது எது என்று பார்க்க முயன்ற, ஆவிகளோடு பேசும் பமேலாவின் கண்கள் எரிந்துபோகின்றன. அவருக்கும் இந்த விவகாரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, உதவிக்கு வந்தவர். சும்மா திரும்பி வந்துவிட்டான் என்று சொல்லும் அந்த மூன்று பேரிடமும் இந்தக் காட்சியை இன்னொரு தடவை போட்டுக்காட்டுங்கள்.

நடுவில் ஒரு சின்ன விஷயம். வேட்டைக்காரர்கள் வழக்கப்படி டீன் உடலுக்கு உப்பிட்டு எரித்திருக்க வேண்டும், பாபி அதைத்தான் சொன்னார், சாம்தான் கேட்கவில்லை, அண்ணனை எப்படியும் திரும்பக் கொண்டுவருவேன், அப்போது உடம்பு வேண்டும் என்று புதைத்தான் என ஒரு வசனம் வரும். பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா, “மண்டாயில கொண்டுபோய் வச்சிருந்தா கதை அன்னைக்கே முடிஞ்சிருக்கும்” என்றார். மண்டாய் என்றால் இங்குள்ள தகனச்சாலை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் இது ஒரு பழமொழி. ஆனால் அம்மா அதோடு நிற்கவில்லை. எலும்பை எரித்தால் ஆவி போய்விடும் என்ற இந்தத் தொடரின் சட்டம் அவருக்குக் கடைசிவரை ஒத்துவரவே இல்லை. நாம் எல்லோரையும் எரிக்கிறோம், அப்புறமும் நம் கதைகளில் பேய்க்குக் குறைச்சலில்லையே, ஆசை தீராததுதானே நிற்கும், எலும்பா நிற்கும் என்று கேட்பார். முச்சந்தியில் பெட்டியைப் புதைத்துப் பேயைக் கூப்பிடுவது மட்டும் அவருக்கு உடனே புரிந்தது. முச்சந்தி என்றால் முச்சந்திதான், எந்த ஊராக இருந்தால் என்ன.

இப்போது அந்தக் களஞ்சியக் கொட்டகைக் காட்சிக்கு வருகிறேன். உங்கள் ஆறு பேரும் இதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை என்பது எனக்கு ஆச்சரியம், ஏனென்றால் தமிழ் பேசுபவருக்கு இந்தக் காட்சி கூடுதலாகத் திறக்கும். பாபியும் டீனும் உலகத்தில் உள்ள எல்லா மதத்துக் காப்புக் குறிகளையும் சுவரெல்லாம் எழுதிவைத்துக் காத்திருக்கிறார்கள். கூரை தடதடக்கிறது, கதவு பிளக்கிறது, விளக்குகள் வெடித்துப் பொறி மழையாகக் கொட்டுகின்றன, நடுவில் மழைக்கோட்டும் டையும் கட்டிய ஒரு ஆள் அலுவலகம் முடிந்து எம்ஆர்டி ரயில் ஏறப் போகிறவர் போல நடந்து வருகிறார். துப்பாக்கிக் குண்டு ஒன்றும் செய்யவில்லை. கத்தி நெஞ்சில் இறங்குகிறது, அவரே பிடுங்கிக் கீழே போடுகிறார். காஸ்டியல். தேவதூதர் என்கிறார். மின்னல் வெட்டும்போது பின்சுவரில் சிறகின் நிழல் விரிகிறது.

டீன் உடனே கேட்பது, இந்த உடம்பு யாருடையது, யாரோ ஒரு பாவப்பட்டவனைப் பிடித்துவைத்திருக்கிறாயா என்று. அதற்குக் காஸ்டியல், இந்த மனிதர் பக்திமான், இதை வேண்டிப் பிரார்த்தித்தவர் என்கிறார். ஆங்கிலத்தில் பார்ப்பவருக்கு இது புதிய தகவல். நமக்கு இந்த வேறுபாடு வினைச்சொல்லிலேயே இருக்கிறது. பேய் ‘பிடிக்கும்’. சாமி ‘இறங்கும்’, அல்லது ‘வரும்’. யாராவது சாமி பிடித்தது என்று சொல்வார்களா? பிடிப்பதற்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. இறங்குவதற்கு விரதம் இருந்து, குளித்து, உடம்பைத் தயார் செய்து நிற்க வேண்டும். இந்தத் தொடரில் பின்னால் மிகப் பெரிய விஷயமாக வளரப்போகும் சட்டம் இதுதான்: பேய்க்குச் சம்மதம் தேவையில்லை, தேவதூதருக்குத் தேவை. அதற்கான விதை இந்த ஒரு வசனத்தில் விழுந்திருக்கிறது. சாமியாடி என்றால் என்னவென்று தெரிந்த கூட்டம் இதை விட்டுவிடலாமா?

இன்னொன்று, காக்க வந்தவர் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறார் என்று அந்தக் காலத்தில் நிறைய விவாதம். தேவதூதர் என்றால் வெள்ளுடை, வீணை, புன்னகை என்று எதிர்பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. காமன்வெல்த் டிரைவ் முனீஸ்வரன் கோயிலுக்குப் போய் வளர்ந்தவனுக்கு அதில் அதிர்ச்சி எதுவும் இல்லை. காவல் தெய்வத்துக்கு உருட்டிய கண்ணும் கையில் அரிவாளும்தான் அழகு. கண்ணை எரித்ததற்கு மன்னிப்பு கேட்காமல், பார்க்காதே என்று முன்பே எச்சரித்தேனே என்று சொல்லும் காஸ்டியல் எனக்கு அந்த வகையறாதான். எங்கள் குழுவில் ஒரு வேடிக்கை நடந்தது. டீன், சாம் எல்லோரும் ‘அவன்’. காஸ்டியல் மட்டும் ‘அவர்’. யாரும் பேசிவைத்துக்கொண்டு செய்யவில்லை, தானாக அப்படி வந்தது. ஐந்தாவது சீசன் பாதியில் அவரும் ‘அவன்’ ஆகிவிட்டார். எந்த எபிசோடில் ஆனார் என்பது இன்னும் தீராத வழக்கு.

நீங்கள் ஏற்கெனவே பார்த்த இரண்டு தொடக்கங்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவது சீசனின் முதல் எபிசோடில் கார் விபத்துக்குப் பின் டீன் நினைவில்லாமல் கிடக்கிறான், அப்பா ஜான் தன் ஆன்மாவையும் பிசாசையே கொல்லக்கூடிய அந்தத் துப்பாக்கியையும் கொடுத்து மகனை மீட்கிறார். மகன் ஹுமாயூனின் படுக்கையைச் சுற்றிவந்து தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி பாபர் வேண்டினார் என்று ஒரு கதை உண்டே, அதே கதைதான். அங்கேயும் ஒரு ‘ஆனா’ இருந்தது: போவதற்கு முன் மகன் காதில் அப்பா எதையோ சொல்கிறார், நமக்குக் கேட்காது. சீசன் பாதிவரை கேட்கவே கேட்காது. மூன்றாவது சீசனின் தொடக்கத்தில் ஏழு பாவங்களும் ஏழு பிசாசுகளாக வந்து சண்டை போட்டதைத் தவிர எனக்குப் பெரிதாக ஒன்றும் ஒட்டவில்லை. ஒப்பந்தத்தை உடைக்க முயன்றால் சாம் செத்துவிடுவான் என்று டீன் சொல்லும் அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்.

நம் வேதாளக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். விக்கிரமன் வாயைத் திறந்ததும் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் எல்லாம் பழையபடி. தொடர் எழுதுபவர்களுக்கு இது பெரிய வசதி, போன சீசனில் எதை உடைத்திருந்தாலும் இந்த சீசன் தொடக்கத்தில் ஒட்டவைத்துவிடலாம். சோம்பேறித்தனமான முதல் எபிசோட்கள் எல்லாம் முருங்கை மரம் ஏறிய வேதாளங்கள். நாலாவது சீசனில் பிணம் மரத்துக்குப் போகவில்லை, தோளிலேயேதான் இருக்கிறது, முன்னைவிடக் கனமாக.

அடுத்த பத்தியில் ஐந்தாவது, ஆறாவது சீசன்களைப் பற்றிச் சொல்லப் போகிறேன். வேண்டாதவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுங்கள், பிறகு என்னைத் திட்டக்கூடாது.

ஐந்தாவது சீசன் தொடங்கியது 2009 செப்டம்பர் 10. அந்த ஆண்டு சீனர்களின் ஏழாம் மாதம், அதாவது ஆவிகள் வெளியே வரும் மாதம், செப்டம்பர் நடுப்பகுதிவரை போனது. சனிக்கிழமை நாங்கள் தோ பாயோ வீட்டில் பார்த்தபோது புளோக்குக்குக் கீழே திடலில் ஆவிகளுக்கான கெத்தாய் பாட்டுக் கச்சேரிக்கு மேடை போட்டு ஹோக்கியன் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. ஆவிகளுக்காக முன்வரிசை நாற்காலிகள் காலியாக இருந்தன. திரையில் சாத்தான் லூசிஃபர் நரகக் கூண்டிலிருந்து வெளியே வருகிறான், கீழே நரக வாசல் திறந்த மாதம். இதைவிடப் பொருத்தமாக யாரும் ஏற்பாடு செய்ய முடியாது. அந்த எபிசோடில்தான் பெக்கி வருகிறாள். சகோதரர்களின் கதையைப் படித்துப் பைத்தியமாகித் தானும் கதை எழுதும் ரசிகை. நம்மைத்தான் கிண்டல் செய்கிறார்கள் என்று பாதிப்பேருக்குக் கோபம். எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை, அலுவலகக் கூட்டத்தில் மேசைக்கடியில் குறுஞ்செய்தி படித்தவன் நான். ஆறாவது சீசன் தொடக்கத்தில் ஒரு வருடம் ஓடிப்போயிருக்கிறது. கூண்டில் விழுந்த சாம் எந்த விளக்கமும் இல்லாமல் திரும்பி நிற்கிறான், அதுவும் கிட்டத்தட்ட அந்த வருடம் முழுக்க உயிரோடு இருந்துகொண்டு அண்ணனிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அன்றைக்கு நடந்த சண்டை, உங்கள் ஈசூன் சண்டையைவிடப் பெரியது. ‘ஆனா’வே இல்லை என்று கத்தினோம். இருந்தது, ஏழாவது எபிசோடில்தான் கைக்கு வந்தது: உடம்பு வந்திருக்கிறது, ஆன்மா வரவில்லை. தெரிந்துகொண்டு முதல் எபிசோடை மறுபடி பார்த்தால் அந்த நடிகரின் கண் ஒவ்வொரு காட்சியிலும் சில்லென்று இருக்கிறது. நல்ல தந்திரம்தான். ஆனாலும் ஆறு வாரம் ரசிகரைத் திட்டவைத்துவிட்டு அப்புறம் ரசிக்கச் சொல்வது எனக்கு அவ்வளவு நியாயமாகப் படவில்லை.

சரி, ஏமாற்று என்று சொன்ன மூன்று பேருக்கும் கொஞ்சம் நியாயம் செய்கிறேன். இந்தத் தொடர் 2005 முதல் 2020 வரை 15 சீசன், 327 எபிசோட் ஓடியது. அதில் சகோதரர்கள் செத்துத் திரும்புவது போகப்போகப் பழகிப்போய்விட்டது. சாலைக் கட்டணம் வாங்கும் இஆர்பி வாயிலைத் தாண்டுகிற மாதிரி, ஒரு பீப் சத்தம், கொஞ்சம் பணம் கழியும், வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். பின்னால் வரும் சில தொடக்கங்களைப் பற்றி அவர்கள் இதே குறையைச் சொன்னால் நான் அவர்கள் பக்கம் நிற்பேன். இந்த எபிசோடுக்கு மட்டும் அந்தக் குற்றச்சாட்டு செல்லாது. இதில் ‘பீப்’ சத்தத்துக்குப் பதில் பெட்ரோல் நிலையத்துக் கண்ணாடியெல்லாம் உடைகிறது.

நான் சொல்லும் யோசனை இதுதான். நாலாவது சீசன் கடைசி எபிசோட் ஒரு பெரிய வெளிச்சத்தில் நிற்கும். அங்கே நிறுத்துங்கள். யாரும் வீட்டுக்குப் போய்த் தனியாக அடுத்ததைப் பார்க்கக்கூடாது. நாலு மாதம் உங்களால் முடியாது என்று தெரியும், மூன்று வாரமாவது விடுங்கள். இடையில் சனிக்கிழமைகளில் கூடி, அடுத்து என்ன நடக்கும் என்று மட்டும் பேசுங்கள், ஆளுக்கொரு கணிப்பை எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். ஆறு பேரில் ஒருவர் எப்படியும் திருட்டுத்தனமாக முன்னாலேயே பார்த்துவிடுவார். பேச்சு வரும்போது அவர் அமைதியாக இருப்பதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அவருக்கு அன்றைக்கு அடுப்படி வேலை, தே போட்டுக்கொண்டு அங்கேயே இருக்கட்டும்.